க்ளோன் விஎம் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு விஎம்-ஐ (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருப்போம். அதே மாதிரி இன்னும் மூன்று வேண்டும். இன்ஸ்டாலரை மறுபடி மூன்று முறை ஓட்டப் பொறுமை இல்லை. டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு வரி:

விர்ட்-க்ளோன் --ஒரிஜினல் தாய் --நேம் பிள்ளை1 --ஆட்டோ-க்ளோன்

நகலெடுக்கும் கோடு 100 சதவீதத்தைத் தொடுகிறது, க்ளோன் தயார் என்று செய்தி வருகிறது. தலைவலி பெரும்பாலும் அதற்கப்புறம்தான். சில நேரம் அந்தக் கோடே வராது.

லினக்ஸ் ஹோஸ்டில் கேவிஎம் (விஎம் ஓட்டும் கெர்னல் வசதி), லிப்விர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்து வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹோஸ்ட் என்பது விஎம்களைத் தாங்கும் கணினி, கெஸ்ட் என்பது விஎம்-க்குள் ஓடும் சிஸ்டம். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தாய் (அசல் விஎம்), பிள்ளை1 (அதன் நகலான க்ளோன்) என்பவை நான் வைத்த பெயர்கள்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விர்ட்-க்ளோன் மாற்றுவது நாலே நாலு: விஎம் பெயர், யூயூஐடி (விஎம்-இன் தனி அடையாள எண்), நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி, டிஸ்க் ஃபைல் இருக்கும் இடம். யூஇஎஃப்ஐ (புதுவகை பூட் ஃபர்ம்வேர்) விஎம் என்றால் பூட் பதிவுகள் இருக்கும் அதன் என்விராம் ஃபைலையும் சேர்த்து நகலெடுக்கும். இவை எல்லாமே ஹோஸ்ட் பக்கத்து விவகாரம். டிஸ்க்குக்குள்ளே இருக்கும் ஹோஸ்ட்நேம், மெஷின்-ஐடி, எஸ்எஸ்ஹெச் சாவிகள், கையால் போட்ட ஐபி எதையும் அது தொடுவதில்லை. பிள்ளை கண் விழிக்கும்போது தன்னைத் தாய் என்றே நினைத்துக்கொண்டு எழும். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி: க்ளோன் பூட் ஆவதற்கு முன்பே தகராறா, பூட் ஆன பிறகா? முன்பே என்றால் ஹோஸ்டில் தேடுங்கள். பிறகு என்றால் கெஸ்டுக்குள் தேடுங்கள். கீழே அதே வரிசையில்தான் போகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகத் தாவிக்கொள்ளலாம்.

"அப்படி ஒரு டொமைனே இல்லை" என்கிறது

விர்ட்-மேனேஜர் ஜன்னலில் தாய் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். டெர்மினலில், லிப்விர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷ் மூலம், விர்ஷ் லிஸ்ட் --ஆல் என்று கேட்டால் காலிப் பட்டியல். விஎம் (லிப்விர்ட் மொழியில் டொமைன்) காணாமல் போகவில்லை. நீங்கள் தட்டிய கதவு வேறு. லிப்விர்ட்டுக்கு இரண்டு வாசல்: சிஸ்டம் (ஹோஸ்ட் முழுவதற்கும் பொது), செஷன் (அந்தப் பயனருக்கு மட்டும்). ரூட்டாக இல்லாமல் விர்ஷ் ஓட்டினால் பல டிஸ்ட்ரோக்களில் செஷன் வாசலுக்குத்தான் போகும். விர்ட்-மேனேஜர் சிஸ்டம் வாசலில் நிற்கும். எந்த வாசலில் இருக்கிறோம் என்று பார்க்க:

விர்ஷ் யூஆர்ஐ

செஷன் என்று வந்தால், கட்டளையோடு --கனெக்ட் கியூஎமு:///சிஸ்டம் சேருங்கள். தினமும் இதே வேலை என்றால் உங்கள் பயனரை லிப்விர்ட் குரூப்பில் சேர்த்துவிட்டு, லிப்விர்ட்_டிஃபால்ட்_யூஆர்ஐ என்ற மாறியை .பாஷ்ஆர்சி-யில் போட்டுவிடுங்கள். குரூப்பில் சேர்த்தபின் ஒருமுறை லாக்-அவுட் செய்து வரவேண்டும். அதை மறந்துவிட்டு "சேர்த்தும் வேலை செய்யவில்லையே" என்று நானே இரண்டு தடவை புலம்பியிருக்கிறேன்.

"நிறுத்தி வைத்திருக்க வேண்டும் அல்லது அணைத்திருக்க வேண்டும்"

ஓடுகிற விஎம்-ஐ விர்ட்-க்ளோன் நகலெடுக்காது. விர்ஷ் ஷட்டவுன் தாய் என்று கொடுத்துவிட்டு, விர்ஷ் டோம்ஸ்டேட் தாய் என்று நிலையைப் பாருங்கள். ஷட்டவுன் என்பது கெஸ்டுக்கு விடும் வேண்டுகோள்தான், பவர் பட்டனை ஒருமுறை அழுத்துவது மாதிரி. கெஸ்டில் அதைக் கேட்டு நடக்க ஆள் இல்லையென்றால் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். சின்ன டிஸ்ட்ரோக்களில் ஏசிபிஐடி (பவர் பட்டன் சைகையைக் கேட்கும் புரோகிராம்) இல்லாமல் இருப்பது இதற்கு வழக்கமான காரணம். அப்போது உள்ளே போய் பவர்ஆஃப் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் விர்ஷ் டெஸ்ட்ராய் தாய். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது எதையும் அழிக்காது, மின்சாரத்தைப் பிடுங்குவது போலத்தான். அழிக்கிற கட்டளை வேறு, அதன் பெயர் அன்டிஃபைன். பெயர் வைத்தவர்கள் ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்டு இனிப் பயனில்லை.

சஸ்பெண்ட் செய்தும் நகலெடுக்கலாம், விர்ட்-க்ளோன் ஒத்துக்கொள்ளும். ஆனால் மெமரியில் இருந்து டிஸ்க்குக்கு வந்து சேராதது நகலில் வராது. பிள்ளையின் பார்வையில் அது கரண்ட் போன டிஸ்க். ஃபைல் சிஸ்டம் ஜர்னல் வைத்துச் சமாளித்துக்கொள்ளும். உள்ளே டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது எப்படி எழும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஐந்து நிமிடம் அணைத்துவிட்டே எடுங்கள்.

நகல் முடியவே இல்லை, அல்லது ஹோஸ்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது

40 ஜிபி என்று சொல்லி உருவாக்கிய டிஸ்க்கில் உண்மையில் 6 ஜிபிதான் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க:

கியூஎமு-ஐஎம்ஜி இன்ஃபோ தாய்.கியூகவ்2

இதில் வர்ச்சுவல் சைஸ் என்பது கெஸ்ட் நம்பிக்கொண்டிருக்கும் அளவு. டிஸ்க் சைஸ் என்பது ஹோஸ்டில் உண்மையாகப் பிடித்திருக்கும் இடம். கியூகவ்2-க்குப் பதில் ரா வகை (டிஸ்க்கின் நேரடி நகல்) ஃபைலாக இருந்தால் எல்எஸ் -எல் ஒரு எண்ணும் டியூ -ஹெச் வேறொரு எண்ணும் காட்டும். எழுதப்படாத இடமெல்லாம் வெறும் ஓட்டைதான். விர்ட்-க்ளோன் அந்த ஓட்டைகளை ஓட்டைகளாகவே விடப் பார்க்கும், நீங்களாக --நான்ஸ்பார்ஸ் என்று சேர்த்திருந்தால் ஒழிய. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வேறு ஹோஸ்டுக்குக் கொண்டுபோகும்போது. எஸ்சிபி ஓட்டைகளை எல்லாம் பூஜ்ஜியத்தால் நிரப்பி அனுப்பும், 6 ஜிபி 40 ஜிபியாகப் போய் இறங்கும். ஆர்சிங்கில் பெரிய எஸ் போட்டால் ஓட்டை ஓட்டையாகவே போகும்.

டிஸ்க் சைஸே பெரிதாக இருக்கிறது, உள்ளே டிஎஃப் பார்த்தால் பாதிகூட இல்லை என்றால், அது கெஸ்டில் எழுதி அழித்த ஃபைல்களின் மிச்சம். கெஸ்ட் அழித்ததை ஹோஸ்டுக்குச் சொல்லவில்லை. தாயை அணைத்துவிட்டு விர்ட்-ஸ்பார்ஸிஃபை --இன்-பிளேஸ் ஓட்டினால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். அதன்பிறகு க்ளோன் எடுங்கள்.

பத்துப் பதினைந்து பிள்ளைகள் வேண்டும், ஆளுக்கு முழு நகல் கட்டாது என்றால் தாயின் டிஸ்க்கை அடியில் வைத்து மேலே மெல்லிய அடுக்கு போடலாம்:

கியூஎமு-ஐஎம்ஜி கிரியேட் -எஃப் கியூகவ்2 -பி தாய்.கியூகவ்2 -எஃப்(பெரிய எழுத்து) கியூகவ்2 பிள்ளை1.கியூகவ்2

புது ஃபைல் சில நூறு கேபிதான் இருக்கும், நொடியில் முடிந்துவிடும். பெரிய எஃப் அடியில் இருக்கும் டிஸ்க்கின் வகையைச் சொல்வது. கியூஎமு (கேவிஎம்-ஓடு சேர்ந்து விஎம்-ஐ ஓட்டும் புரோகிராம்) 6.1-இல் இருந்து அது இல்லாமல் கட்டளை ஓடாது. பழைய குறிப்புகளைப் பார்த்துத் தட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அப்புறம் இந்த அடுக்கை வைத்து விஎம் உருவாக்க, விர்ட்-க்ளோனில் --ஃபைல் என்று அதன் பாதையைக் கொடுத்து --ப்ரிசர்வ்-டேட்டா சேருங்கள். டிஸ்க்கை நகலெடுக்காமல், கொடுத்த ஃபைலை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் கொடுத்தால் "பெர்மிஷன் டினைட்"

டிஸ்க் ஃபைலை வீட்டு டைரக்டரியில் வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பிழைச் செய்தியை முழுக்கப் படியுங்கள். டெபியன், உபுண்டுவில் யூஐடி 64055 என்று ஒரு எண் அதில் இருக்கும். அதுதான் லிப்விர்ட்-கியூஎமு என்ற பயனர். விஎம் ஓடுவது உங்கள் பெயரில் இல்லை, அவர் பெயரில். ஃபைலுக்கு 777 கொடுத்தாலும் பயனில்லை. உங்கள் ஹோம் டைரக்டரி வாசலையே அவரால் தாண்ட முடியாது. ஃபைலை /வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ் கீழே நகர்த்துவது நல்லது. முடியாது என்றால் ஹோம் டைரக்டரிக்கு மட்டும் செட்எஃப்ஏசிஎல் மூலம் அந்தப் பயனருக்கு எக்ஸ் அனுமதி கொடுங்கள். ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கம் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் எஸ்இலினக்ஸ் (அனுமதிகளுக்கு மேல் இருக்கும் பாதுகாப்பு அடுக்கு) முத்திரையைச் சந்தேகப்படுங்கள். இமேஜஸ் கீழே வைத்து ரெஸ்டோர்கான் ஓட்டினால் சரியாகும்.

"ரைட் லாக் கிடைக்கவில்லை, வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்"

இந்தச் செய்தி வந்தால் கியூஎமுவுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். பிள்ளையும் தாயும் ஒரே டிஸ்க் ஃபைலைப் பிடித்து இழுக்கின்றன என்று அர்த்தம். 2017-இல் வந்த கியூஎமு 2.10 முதல்தான் இந்தப் பூட்டு. அதற்கு முன்னால் இரண்டும் சத்தமில்லாமல் ஓடி, டிஸ்க்கைக் கந்தலாக்கிவிட்டுத்தான் தெரிய வரும்.

விர்ட்-க்ளோனை விட்டுவிட்டு விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் எடுத்துக் கையால் திருத்துகிறவர்களுக்குத்தான் இது வரும். பெயரை மாற்றியிருப்பார்கள், டிஸ்க் பாதையை மறந்திருப்பார்கள். இரண்டுக்கும் விர்ஷ் டோம்பிஎல்கேலிஸ்ட் ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையோடு இதையும் பாருங்கள்: எக்ஸ்எம்எல்-இல் யூயூஐடி வரியையும் மேக் வரியையும் மாற்ற வேண்டாம், அழித்துவிடுங்கள். டிஃபைன் செய்யும்போது லிப்விர்ட் தானே புதிதாகப் போட்டுக்கொள்ளும். யூயூஐடியை விட்டுவைத்தால் "இந்த யூயூஐடியோடு ஏற்கெனவே ஒரு டொமைன் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பும்.

அடுக்கு டிஸ்க் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். பிள்ளை ஓடும்போது தாயை ஸ்டார்ட் செய்தால் இதே பூட்டுத் தடுக்கும். ஆனால் பிள்ளை அணைந்திருக்கும்போது தாயை ஸ்டார்ட் செய்தால்? ஒரு எச்சரிக்கையும் வராது. தாய் பூட் ஆகும், லாக் எழுதும், அப்டேட் போட்டுக்கொள்ளும். பிள்ளையின் அடுக்கோ பழைய தாயின் மேல் எழுதப்பட்ட வித்தியாசக் கணக்கு. அடியில் தரையே மாறியபின் அந்தக் கணக்குக்குப் பொருள் இல்லை. அடுத்த முறை பிள்ளை எழும்போது ஃபைல் சிஸ்டம் பிழை வரலாம்; அல்லது ஒழுங்காகப் பூட் ஆகி, நேற்று இருந்த ஃபைல் ஒன்று இன்று குப்பையாக இருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது, பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுப்பதுதான். ஆகவே அடுக்கு போட்ட அன்றே தாயின் டிஸ்க்குக்கு சிமாட் 444 கொடுத்துவிடுங்கள். தெரியாமல் யாராவது தாயை எழுப்பினால் அனுமதி மறுக்கப்பட்டு நின்றுவிடும்.

தாயின் ஃபைலை வேறு டைரக்டரிக்கு நகர்த்தியதால் "பேக்கிங் ஃபைலைத் திறக்க முடியவில்லை" என்று வந்தால் பதற்றம் வேண்டாம், அது வெறும் முகவரி மாற்றம். கியூஎமு-ஐஎம்ஜி ரீபேஸ் -யூ போட்டுப் புதுப் பாதையைச் சொன்னால் போதும். அந்த -யூ "உள்ளடக்கத்தைச் சரிபார்க்காதே, பெயரை மட்டும் மாற்று" என்பது. அடியில் இருப்பது அச்சு அசலாக அதே ஃபைல்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

வர்ச்சுவல்பாக்ஸ்காரர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. விடிஐ ஃபைலை சிபி போட்டு நகலெடுத்தால் "இதே யூயூஐடியோடு ஒரு ஹார்டு டிஸ்க் ஏற்கெனவே இருக்கிறது" என்று மறுக்கும். அங்கே யூயூஐடி டிஸ்க் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. விபாக்ஸ்மேனேஜ் க்ளோன்மீடியம் மூலமாக எடுத்தால் புது எண்ணோடு வரும். முழு விஎம்-க்கு க்ளோன்விஎம். அதில் --ரெஜிஸ்டர் சேர்க்க மறந்தால் ஃபைல்கள் எல்லாம் இருக்கும், பட்டியலில் மட்டும் விஎம் தெரியாது.

யூஇஎஃப்ஐ ஷெல்லில் வந்து நிற்கிறது, அல்லது ரூட் டிஸ்க்கைக் காணோம் என்கிறது

இவை இரண்டும் கையால் எக்ஸ்எம்எல் எழுதியதன் விளைவு. முதலாவதற்குக் காரணம் என்விராம் ஃபைல் புதிதாகப் பிறந்திருக்கிறது, பூட் பதிவு அதில் இல்லை. /வார்/லிப்/லிப்விர்ட்/கியூஎமு/என்விராம் கீழே தாயின் வார்ஸ் ஃபைல் இருக்கும். பிள்ளை பெயருக்கு ஒரு நகல் எடுத்து எக்ஸ்எம்எல்-இல் அந்தப் பாதையைக் கொடுங்கள். இரண்டாவது, டிஸ்க் பஸ்ஸை சாட்டாவிலிருந்து வர்ட்டியோவுக்கு (விஎம்களுக்கென்றே உள்ள வேகமான வகை) மாற்றியிருப்பீர்கள். தாயின் இனிட்ராம்எஃப்எஸ்-இல் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு சிஸ்டம்) அந்த டிரைவர் இல்லாமல் இருக்கலாம். பஸ்ஸைப் பழையபடி வைத்துப் பூட் செய்து, இனிட்ராம்எஃப்எஸ்-ஐ வர்ட்டியோவோடு திரும்பக் கட்டிவிட்டு, அப்புறம் மாற்றுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஐபி

எனக்கு ஒரு முழு சாயங்காலத்தைத் தின்ற கோளாறு இது. உபுண்டு சர்வர் ஒன்றிலிருந்து மூன்று க்ளோன். முதலாவது பூட் ஆகி 192.168.122.87 வாங்கியது. எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போனேன். இரண்டாவதைப் பூட் செய்த அரை நிமிடத்தில் முதல் ஜன்னல் உறைந்துவிட்டது. இரண்டாவதின் ஐபி பார்த்தால் அதுவும் 87. மூன்றாவதும் 87.

மேக் முகவரிதான் ஒன்றாகிவிட்டது என்று விர்ஷ் டோம்ஐஎஃப்லிஸ்ட் பார்த்தேன். 52:54:00 என்று தொடங்கும் மூன்று வெவ்வேறு முகவரிகள், எந்தக் குறையும் இல்லை. டிஹெச்சிபி வழியாகத் தானாக ஐபி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க்தான் பழையதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று டிஃபால்ட் நெட்வொர்க்கை அணைத்துப் போட்டேன். மறுபடி 87. ஒரு காபி குடித்துவிட்டு வந்து இதை ஓட்டினேன்:

விர்ஷ் நெட்-டிஹெச்சிபி-லீசஸ் டிஃபால்ட்

இந்தப் பட்டியலில் எல்லாரும் மேக், ஐபி வரைதான் படிப்போம். கடைசிப் பத்தியில் க்ளையண்ட் ஐடி என்று எஃப்எஃப்-இல் தொடங்கும் நீளமான எண் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி எழுப்பிப் பார்த்தேன். பட்டியலில் எப்போதும் ஒரே வரிதான். அதில் மேக் மட்டும் மாறியது, அந்த எண் மாறவே இல்லை.

விஷயம் இதுதான். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி (கெஸ்டின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சேவை) ஐபி கேட்கும்போது "என் மேக் இது" என்பதோடு ஒரு க்ளையண்ட் ஐடியையும் சொல்லும். அந்த ஐடி /இடிசி/மெஷின்-ஐடி ஃபைலில் இருக்கும் 32 எழுத்து எண்ணிலிருந்து பிறப்பது. டிஹெச்சிபி சர்வர் மேக்கைவிட க்ளையண்ட் ஐடியைத்தான் முதலில் மதிக்கும். மூன்று பிள்ளைகளும் தாயின் மெஷின்-ஐடியைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால், சர்வர் என்ன செய்யும்? "நீதானே, உன் பழைய வீடு இதோ" என்று அதே 87-ஐக் கொடுக்கும். அதன் பார்வையில் அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும்:

சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 /இடிசி/மெஷின்-ஐடி

கொடுத்து ரீபூட் செய்யுங்கள். ஃபைலை அழிக்காதீர்கள், காலி மட்டும் செய்யுங்கள். காலி ஃபைலைப் பார்த்தால் சிஸ்டம்டி புது எண் போட்டு நிரப்பும். ஃபைலே இல்லையென்றால் இது முதல் பூட் என்று எடுத்துக்கொண்டு வேறு சில வேலைகளையும் தொடங்கும்.

காலி செய்தும் பழைய எண்ணே திரும்பி வருகிறதா? இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, /வார்/லிப்/டிபஸ்/மெஷின்-ஐடி. அது இடிசி ஃபைலுக்கு ஒரு சிம்லிங்காக இருக்கவேண்டும். தனி ஃபைலாக இருந்தால் சிஸ்டம்டி அதிலிருந்துதான் எண்ணை எடுக்கும், அதாவது தாயின் எண்ணை. அழித்துவிட்டு சிம்லிங்க் போடுங்கள். இரண்டாவது கொஞ்சம் விசித்திரம். கேவிஎம்-க்குள் ஓடும்போது சிஸ்டம்டி விஎம்-இன் யூயூஐடியையே மெஷின்-ஐடியாக எடுத்துக்கொள்ளும். ஒரே ஹோஸ்டில் இது பிரச்சினை இல்லை, யூயூஐடி ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆனால் எக்ஸ்எம்எல்-ஐ வேறு ஹோஸ்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் யூயூஐடி வரியோடு டிஃபைன் செய்திருந்தால், அங்கே அதைத் தடுக்க யாரும் இல்லை. இரண்டு ஹோஸ்டில் இரண்டு விஎம், ஒரே மெஷின்-ஐடி, எத்தனை முறை காலி செய்தாலும்.

மெஷின்-ஐடியைத் தொட விருப்பமில்லை என்றால் நெட்பிளான் ஃபைலில் டிஹெச்சிபி-ஐடென்டிஃபையர்: மேக் என்று ஒரு வரி சேர்த்தால் ஐபி பிரச்சினை தீரும். ஆனால் ஜர்னல் லாக் முதற்கொண்டு வேறு பலவும் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. வேரைப் பிடுங்குவதே மேல்.

ஒரு முறை இந்த விஎம், மறுமுறை அந்த விஎம்

ஐபியைக் கையால் போட்ட தாயிலிருந்து க்ளோன் எடுத்தால் இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்துவிடும். இது மேலே சொன்னதைவிட ஆபத்து, ஏனென்றால் எஸ்எஸ்ஹெச் எச்சரிக்காது. வழக்கமாக ஆள் மாறினால் "ஹோஸ்ட் கீ மாறிவிட்டது" என்று கத்தும். இங்கே ஹோஸ்ட் கீயும் சேர்ந்தே நகலாகியிருப்பதால் இரண்டும் அதற்கு ஒரே ஆள். ஹோஸ்ட்நேமும் ஒன்று, ப்ராம்ப்டும் ஒன்று. தாயில் செய்வதாக நினைத்து ஒரு கான்ஃபிகை மாற்றிவிட்டு, "மாற்றினேனே, எங்கே போனது" என்று தேடியிருக்கிறேன். மாற்றியது பிள்ளையில்.

ஹோஸ்டிலிருந்து ஆர்ப்பிங் -ஐ(பெரிய எழுத்து) விர்பிஆர்0 (டிஃபால்ட் நெட்வொர்க்கின் பிரிட்ஜ்) போட்டு அந்த ஐபியைக் கூப்பிடுங்கள். இரண்டு வேறு மேக்கிலிருந்து பதில் வந்தால் ஆள் இரண்டு. பிள்ளைக்குள் போக நெட்வொர்க்கை நம்பாதீர்கள், விர்ஷ் கன்சோல் பிள்ளை1 வழியாகப் போங்கள். கன்சோல் வெறும் கறுப்பாக நின்றால் கெஸ்டில் சீரியல் கெட்டி (சீரியல் வழியாக லாகின் தரும் சேவை) ஓடவில்லை. அதைத் தாயிலேயே இயக்கி வைத்துவிட்டு க்ளோன் எடுப்பது புத்திசாலித்தனம்: சிஸ்டம்சிடிஎல் எனேபிள் சீரியல்-கெட்டி@டிடிஒய்எஸ்0. வெளியே வர கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்பு.

நெட்வொர்க்கே வரவில்லை

ஐபி அட்ரஸ் பார்த்தால் கார்டு இருக்கிறது, ஐபி இல்லை. தாயின் மேக் முகவரி எங்கோ கான்ஃபிகில் எழுதப்பட்டிருக்கிறது, பிள்ளையின் மேக் அதோடு பொருந்தவில்லை. உபுண்டுவில் /இடிசி/நெட்பிளான் கீழே க்ளவுட்-இனிட் எழுதிய ஃபைலில் மேட்ச், மேக்அட்ரஸ் என்று ஒரு பகுதி இருக்கலாம். நெட்வொர்க்மேனேஜர் என்றால் கனெக்ஷன் ஃபைலில் மேக்-அட்ரஸ் வரி. சென்ட்ஓஎஸ் 6 மாதிரிப் பழையதை இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஈத்0 காணாமல் போய் ஈத்1 முளைத்திருக்கும். /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி கீழே 70-பெர்சிஸ்டென்ட்-நெட் ஃபைலை அழித்து, ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈத்0 ஃபைலில் ஹெச்டபிள்யூஅட்ரஸ் வரியையும் எடுத்துவிட்டு ரீபூட்.

சூடோ ஒவ்வொரு முறையும் "ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று முனகுகிறது

ஹோஸ்ட்நேமை மாற்றிவிட்டீர்கள், /இடிசி/ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.1.1 எதிரே தாயின் பெயர் அப்படியே இருக்கிறது. அதையும் மாற்றுங்கள். அவ்வளவுதான்.

பிள்ளையின் டிஸ்க்கைத் தாயில் மாட்டினால் மவுன்ட் ஆகவில்லை

ஒரு ஃபைலை எடுக்கவேண்டி இப்படிச் செய்வோம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் "சூப்பர்பிளாக் சரியில்லை" என்று பயமுறுத்தும். டிமெசேஜ் பாருங்கள், ஒரே யூயூஐடியில் இரண்டு ஃபைல் சிஸ்டம் என்று நிஜக் காரணம் அங்கே இருக்கும். மவுன்ட் கட்டளையில் -ஓ நோயூயூஐடி சேர்த்தால் ஏறிவிடும். எல்விஎம் என்றால் விஜிஇம்போர்ட்க்ளோன் என்று இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. முடிந்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது விஎம்-இல் மாட்டிப் பாருங்கள், இந்த வம்பே இல்லை.

விர்ட்-சிஸ்ப்ரெப் ஓட்டினேன், இப்போது எஸ்எஸ்ஹெச் போகவில்லை

உள்ளே இருக்கும் அடையாளங்களைக் கையால் ஒவ்வொன்றாகத் துடைக்க அலுத்துப்போனவர்கள் வந்துசேரும் இடம் விர்ட்-சிஸ்ப்ரெப். மெஷின்-ஐடி, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீ, பழைய யூடெவ் விதிகள், லாக் எல்லாவற்றையும் அணைந்த டிஸ்க்கில் வைத்தே சுத்தம் செய்துவிடும். ஓடுகிற விஎம்-இல் ஓட்டினால் டிஸ்க் கெடும். -டி-க்குப் பிறகு தாய் பெயரைத் தவறிப் போட்டால் தாய் சுத்தமாகிவிடும். என்டர் தட்டும் முன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

அறிகுறி இரண்டு விதமாக வரும். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" என்றால், டெபியன் அல்லது உபுண்டு கெஸ்ட்தானே? ரெட்ஹேட் குடும்பத்தில் ஹோஸ்ட் கீ இல்லையென்றால் பூட் ஆகும்போது தானே உருவாகிவிடும். டெபியன் பக்கம் அது பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது மட்டும் நடக்கும். துடைத்துவிட்டீர்கள், திரும்ப உருவாக்க ஆள் இல்லை, எஸ்எஸ்ஹெச்டி "ஹோஸ்ட் கீ எதுவும் இல்லை" என்று சொல்லி வெளியேறிவிட்டது. கன்சோலில் போய் சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்.

"பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ" என்றால் சர்வர் ஓடுகிறது, உங்களைத்தான் தெரியவில்லை. சிஸ்ப்ரெப் பயனர்களின் .எஸ்எஸ்ஹெச் டைரக்டரியையும் சேர்த்தே அழிக்கும். ஆத்தரைஸ்டு கீஸ் அதோடு போயிற்று. அடுத்த பிள்ளைக்கு இப்படி ஓட்டுங்கள்:

சூடோ விர்ட்-சிஸ்ப்ரெப் -டி பிள்ளை2 --ஆப்பரேஷன்ஸ் டிஃபால்ட்ஸ்,-எஸ்எஸ்ஹெச்-யூசர்டிர் --ஹோஸ்ட்நேம் பிள்ளை2 --ஃபர்ஸ்ட்பூட்-கமாண்ட் 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்'

சூடோ இல்லாமல் உபுண்டு ஹோஸ்டில் ஓட்டினால் சூப்பர்மின் என்று ஏதோ பிழை வரும்; அங்கே கெர்னல் ஃபைலை ரூட் மட்டும்தான் படிக்க முடியும் என்பதுதான் காரணம். பூட் ஆனதும் தாயிலும் பிள்ளையிலும் எஸ்எஸ்ஹெச்-கீஜென் -எல்எஃப் போட்டு /இடிசி/எஸ்எஸ்ஹெச் கீழே இருக்கும் ஹோஸ்ட் கீயின் கைரேகையைப் பாருங்கள். இரண்டும் வேறாக இருக்கவேண்டும். உங்கள் லேப்டாப்பில் அந்த ஐபிக்குப் பழைய கீ பதிவாகியிருந்தால் எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஆர்(பெரிய எழுத்து) கொடுத்து நீக்கிவிட்டு உள்ளே போங்கள்.